பேண்டேஜ் அறைந்த இரண்டு ஆணிகள்

கோயமுத்தூரில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் உடம்பெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டவர்களை எண்ணினால், முக்கால்வாசிப் பேர் காந்திபுரத்தில் எங்கள் லாட்ஜில் குடியிருந்தவர்களாகத்தான் இருப்பார்கள். காரணம் ஒரே ஆள். மூன்றாம் மாடியில் என் அறைக்கூட்டாளி. அப்பா அம்மா வைத்த பெயர் லாட்ஜ் ரிஜிஸ்தரில் பத்திரமாக இருந்தது. எங்களுக்கு அவன் பேண்டேஜ்.

ராணுவத்துக்குப் போகவேண்டும் என்று ஊரிலிருந்து வந்தவன். ஆனால் துப்பாக்கி மேல் ஆசையில்லை.

"துப்பாக்கி தூக்க ஆயரம் பேரு இருக்காங்கண்ணா. தூக்குனவன் கீழ உளுந்தா அவனத் தூக்க ஆளு வேணுமில்லீங்களா?"

அதற்கு அவனுக்கு இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, தரைப்படையில் மருத்துவ உதவியாளனாகச் சேர்ந்து, அங்கிருந்து சிறப்புப் படைக்குப் போய், குண்டு பாயும் இடத்திலேயே வைத்தியம் பார்ப்பது. இன்னொன்று, விமானப்படையில் சேர்ந்து கமாண்டோ ஆகி, ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி ஆளை மீட்பது. இரண்டுக்கும் விண்ணப்பித்தான். இரண்டு தேர்வும் ஒரே நாளில், வேறு வேறு ஊரில் என்று வந்து சேர்ந்தது. வயசு வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று போச்சு.

சுவரில் இரண்டு ஆணி அறைந்தான். ஒன்றில் மருந்துப் பை, ஒன்றில் கயிறு. திங்கள், புதன், வெள்ளி பையோடு ஓடுவான். செவ்வாய், வியாழன், சனி கயிற்றோடு. ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் இரண்டையும் சுமந்துகொண்டு போவான்.

பை நாளில் கட்டுப் போட்டுப் பழக அவனிடம் மாட்டுகிறவன் நான். ஒரு தடவை என் வலது கையை மடக்கித் தொட்டில் கட்டினான். அவிழ்க்க நேரமில்லாமல் அப்படியே உதிரிபாகக் கடைக்கு வேலைக்குப் போனேன். முதலாளி பார்த்துப் பதறி இரண்டு நாள் லீவு கொடுத்தார். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கயிறு நாளில் மாட்டினது எங்கள் லாட்ஜ் மேனேஜர். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத மனிதர். மொட்டை மாடியில் போன் பேசிக்கொண்டிருந்தவரிடம் "தூக்கிக்கட்டுங்களா?" என்று கேட்டிருக்கிறான். அவர் போனில் யாருக்கோ தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, தோளில் போட்டு மூன்று மாடியும் இறக்கிவிட்டான். அவர் போனை வைக்கவே இல்லை. "ஒன்னுமில்லீங்க, கீழ வந்துட்டிருக்கேன்," என்று பேசியபடியே தலைகீழாகப் போனார்.

இந்த 'கட்டிக்கட்டுங்களா, தூக்கிக்கட்டுங்களா'தான் அவனுடைய வியாதி. கேட்காமல் ஒருத்தரைத் தொடமாட்டான். உக்கடம் பக்கம் ஒரு மைதானத்தில் பயிற்சி கொடுத்த ஓய்வுபெற்ற ஹவில்தாருக்கு அதுதான் பெரிய தலைவலி.

"குண்டு பாயற எடத்துல ஏனுங்க, வாங்கன்னு கூப்புட்டுட்டு நிப்பியாடா? அதுக்குள்ள ஆளு போயிருவான். இனிமே ஒரு 'ங்க'வுக்குப் பத்து தண்டால்."

"சரிங்க."

"பத்து."

"இப்பவேங்களா?"

"இருவது."

அன்றைக்கு எழுபதில் போய் நின்றது. எடுத்து முடித்து எழுந்தவனிடம் ஹவில்தாரே மனசு இளகித் தண்ணி பாட்டிலை நீட்டினார். "ரொம்ப தேங்க்ஸுங்க," என்று வாங்கிக்கொண்டு, அவர் சொல்வதற்கு முன்பே மறுபடி தரையில் விழுந்தான்.

தேர்வுக்கு நான்கு நாள்தான் இருந்தது. இரண்டு ஹால்டிக்கெட்டையும் தலையணைக்குக் கீழே வைத்திருந்தான், முடிவு மட்டும் வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் அக்கா கொடுமுடியில் ஒரு பூஜைக்குக் கூப்பிட்டாள். அவனையும் இழுத்துக்கொண்டு போனேன். ஞாயிறு ஆனதால் பையும் கயிறும் கூடவே வந்தன.

காவிரியில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் படியில் வழுக்கி, இழுப்பில் போய், முப்பதடி தள்ளி ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நாங்கள் கத்தி முடிப்பதற்குள் பேண்டேஜ் கயிற்றை இடுப்பில் முடிந்து, மறுமுனையைப் படியில் நின்றவர்களிடம் கொடுத்துவிட்டு நீந்திப் போய்விட்டான். ஆனால் பெரியவர் பாறையை விடுகிற மாதிரி இல்லை. பயத்தில் கை பூட்டிக்கொண்டது. கரையிலிருந்து எல்லோரும், "கைய உடுய்யா, கைய உடு," என்று கத்தினார்கள். அவர் இன்னும் இறுக்கினார்.

பேண்டேஜ் கழுத்தளவுத் தண்ணீரில் நிதானமாகக் கேட்டான்.

"ஏனுங்க, உங்குளுக்கு எந்த ஊருங்க?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் எங்கள் சீமையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் செத்ததில்லை.

"சென்னிமலைங்க," என்றார் பாறையிலிருந்து.

"சென்னிமலைல எந்தப் பக்கமுங்க?"

"அடிவாரத்துல இருந்து இப்புடிக்கா வடக்கால போனீங்கன்னா..." வழிகாட்ட வலது கை தானாகப் பாறையை விட்டது. பேண்டேஜ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அட, அங்கீங்களா," என்று கேட்டுக்கொண்டே கயிற்றைச் சுற்றிவிட்டான்.

படிக்கு இழுத்துப் போட்டபோது பெரியவரின் கெண்டைக்கால் கிழிந்து ரத்தம் கொட்டியது. அவன் பார்த்த முதல் நிஜக் காயம். "கட்டிக்கட்டுங்களா?" என்றான். அவர் தலையாட்டினார். கட்டினான். ஆம்புலன்ஸ் வந்தது. பெரியவர் அவன் கையை விடவில்லை, ஈரத் துணியோடு அவனும் ஏறிக்கொண்டான்.

மறுநாள் காலையில்தான் லாட்ஜுக்குத் திரும்பினான். பையை ஆணியில் மாட்டினான். பக்கத்து ஆணி காலியாக இருந்தது.

"கயிறு எங்கடா?"

அப்போதுதான் பார்த்தான்.

"அங்கயே உட்டுப்போட்டு வந்துட்டனுங்ணா."

"பைய மட்டும் மறக்கல?"

"கயித்த இழுக்க எட்டுப் பேரு வந்தாங்கண்ணா. ஆம்புலன்ஸ்ல ஏற நானு மட்டுந்தானுங்க." கட்டிலில் உட்கார்ந்தான். "தையல் போடற வரைக்கும் அவுரு எங்கைய உடவே இல்லீங்ணா."

விமானப்படை ஹால்டிக்கெட்டை நாலாக மடித்து, ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த கட்டிலின் காலுக்குக் கீழே வைத்தான். கட்டில் அதற்கப்புறம் ஆடவில்லை.

தேர்வுக்குக் கிளம்பிய அவனை வழியனுப்ப ஹவில்தாரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். பஸ் நகரும்போது, "நல்லபடியா போயிட்டு வாங்க தம்பி," என்றார்.

"பத்து தண்டாலுங்க," என்றேன் நான். முறைத்தார், ஆனால் கண் பஸ்ஸின் பின்னாலேயே போனது.

தேறிவிட்டான். சிறப்புப் படைக்கான பயிற்சியிலிருந்து ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியவரிடமே "மறுக்கா எப்ப வரட்டுங்க?" என்று கேட்டிருப்பான். மறுபடி போனான், நிலைத்துவிட்டான். எப்போதாவது போன் செய்வான். எங்கே இருக்கிறாய் என்றால், "இங்கதானுங்ணா," என்பான். அதற்குமேல் சொல்லமாட்டான்.

போன வாரம் கடையில் தகரம் கீறி எனக்கு விரலில் காயம். அவன் சொல்லிக்கொடுத்த மாதிரியே கச்சிதமாகக் கட்டிக்கொண்டேன். ஆனால் "கட்டிக்கட்டுங்களாண்ணா?" என்று யாரும் கேட்காத கட்டு அது. சாயங்காலம் வரைக்கும் வலித்துக்கொண்டே இருந்தது.