முறைப்படி வெளியேற்றம்

"நாங்க யாரும் போறதா இல்ல," என்றார் சிகர்ட். நண்டு பிடிப்பவர். ஊர் மண்டபத்தின் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எங்கயும் போக வேண்டாம். உங்க மின்சாரக் கம்பெனிதான் போகுது," என்றாள் எல்ஸ்பெத்.

"அதுவும் போக வேண்டாம்."

எல்ஸ்பெத் ராங்கின் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அதிகாரி. மின்சாரம் விற்க வரும் புதுக் கம்பெனிகளைச் சோதித்து உள்ளே விடுவதும், தொடர்ந்து நடத்த முடியாதவற்றை முறைப்படி வெளியே அனுப்புவதும் அவள் வேலை. அவள் கையால் வெளியேறிய எந்தக் கம்பெனியை நம்பியிருந்த வீட்டிலும் ஒரு விளக்குகூட அணைந்ததில்லை. அந்தப் பெருமை கிளாஸ்கோ அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அவளே சொல்லியிருந்தாள்.

ஹெல்லிசே தீவின் கம்பெனி தீவுக்காரர்களுக்கு மட்டுமே மின்சாரம் விற்றது. அதை நடத்திவந்த பெண்மணி வின்னி கல்லன், வயதாகிவிட்டது, உரிமத்தைத் திருப்பித் தருகிறேன் என்று ஆணையத்துக்குச் சொல்லிவிட்டார். வாடிக்கையாளர்களை நகரத்துப் பெரிய கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு மாலைப் படகைப் பிடிப்பதாக எல்ஸ்பெத்தின் திட்டம்.

"புதுக் கம்பெனிக்கு போன் பண்ணா எடுப்பாங்களா?" என்று கேட்டார் சிகர்ட்.

"உடனே எடுப்பாங்க. இப்பவே பாருங்களேன்," என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

வயலின் இசை வந்தது. வந்துகொண்டே இருந்தது. பின்வரிசையில் ஒரு வயதான தம்பதி எழுந்து ஆட ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒரு குரல், ஹெல்லிசே என்ற ஊர் தங்கள் கணினியில் இல்லை என்றது. மண்டபம் கைதட்டியது. ஆட்டத்துக்கா, பதிலுக்கா என்று தெரியவில்லை.

"சரி, அது வேண்டாம். இன்னும் மூணு கம்பெனி தயாரா இருக்கு. அவங்கவங்களுக்குப் பிடிச்சத எடுத்துக்குங்க."

கொஞ்ச நேரத்தில் ஊர் மூன்று கட்சியாகப் பிரிந்தது. சிகர்ட் ஒரு கம்பெனி, அவர் மனைவி இன்னொன்று.

"அப்ப சமையல் ரூம் என் கம்பெனி," என்றாள் அவள். "உன் கம்பெனி வர்ற வரைக்கும் நீ படகுலயே சாப்பிடு."

தேநீரும் கேக்கும் வந்த பிறகுதான் மூன்று கட்சியும் ஒன்று சேர்ந்தது. வின்னியே போதும் என்று.

வேறு வழியில்லாமல், வின்னியே வந்து ஊருக்கு எடுத்துச் சொல்லட்டும் என்று அவர் அலுவலகத்துக்குப் போனாள் எல்ஸ்பெத். வின்னி கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது.

"கை ஈரமா இருக்கு. கொஞ்சம் எடும்மா."

எடுத்தாள். பள்ளி ஆசிரியைக்குப் பக்கத்து வீட்டு பில் வந்திருந்தது. எல்ஸ்பெத் விசாரித்தாள், இரண்டு வீட்டு மீட்டர்களும் பெயர் மாறியிருந்தன. சரிசெய்தாள். கீழே வைப்பதற்குள் அடுத்த அழைப்பு. வின்னிக்குக் கை காயவே இல்லை. மாலைப் படகு போய்விட்டது.

"நீங்க யாரு, புதுசா?" என்று கேட்டது ஒரு குரல்.

"ஒழுங்குமுறை ஆணையம்."

"என்னவோ, நல்லா பேசுறீங்க."

இத்தனை வருட வேலையில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

வரவு செலவையும் புரட்டிவிட்டு நிமிர்ந்தாள். "கம்பெனி நல்லாத்தானே இருக்கு? குளிர்காலத்துக்கு வேண்டிய கரண்ட்ட முன்னாடியே பேசி வாங்கிட்டா போதும். இத எதுக்கு மூடணும்?"

"நடத்த ஆள் இல்லையேம்மா."

"ஆள் கிடைக்கிற வரைக்கும் வெளியேற்றத்த நிறுத்தி வைக்கிறேன்."

"அதுவரைக்கும் போன யாரு எடுக்கறது?"

எல்ஸ்பெத் ஜன்னல் வழியே பார்த்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. வீடு வீடாக விளக்கு எரியத் தொடங்கியிருந்தது. விளக்குகள் அணையாமல் காத்த பெருமைதான் இதுவரை அவளுக்குத் தெரியும். இவை தன் விளக்குகள் என்று தோன்றுவது இதுதான் முதல் தடவை.

"லீவு போட்டுட்டு நானே பாத்துக்கறேன். ஒரு வாரம்தானே."

துறைமுகத்தில் டிக்கெட் கொடுப்பவர் ஜன்னலை மூடப்போனார். ஓடிப்போய் நிறுத்தினாள். "என் டிக்கெட்ட அடுத்த வாரத்துக்கு மாத்தித் தாங்க."

அவர் டிக்கெட்டை வாங்காமல் அவளையே பார்த்தார். "ஒரு வாரம் போதுமா?"

"தாராளமா போதும்."

"வின்னியும் அன்னிக்கு அப்படித்தான் சொன்னாங்க, இந்தக் கம்பெனிய மூட உங்க ஆபீஸ்லேர்ந்து வந்தப்ப."