சிவப்பு வண்டி, நீல வண்டி, நடுவில் ஒரு கிணறு

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கை இறுகும். பஸ் கொஞ்சம் வேகமாகத் திரும்பினால் போதும், முன்சீட்டுக் கம்பியை நான் பிடிக்கிற பிடியைப் பார்த்துக் கண்டக்டரே, "யம்மா, கம்பியைக் கழட்டி வீட்டுக்குக் கொண்டு போயிராதீங்க" என்பார். என் கணவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போய் இறங்கினால் அவர் இடுப்பில் என் ஐந்து விரலும் பதிந்திருக்கும். ("மாமியா வீட்டுக்குப் போனியாலே, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனியா?" என்று அவருடைய கூட்டாளிகள் கேட்டிருக்கிறார்கள்.)

இப்படிப்பட்ட நான் பார்த்த வேலை, ஏடிவி விற்பது.

அது என்ன வண்டி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஹேண்டில்பார் பைக்குக்கு இருக்கிற மாதிரி இருக்கும். சக்கரம் நாலு, நாலும் தடித்தடியாக. ஏறி உட்கார்ந்தால் ஒரு பெரிய தவளையின் முதுகில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சேற்றிலும் மேட்டிலும் விளையாட்டுக்கு ஓட்டுவது. குற்றாலத்துக்குச் சீசனுக்கு வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிப்பார்கள், புரோட்டா தின்பார்கள், அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் ரோட்டில் நிற்பார்கள். அந்த நேரத்துக்கென்றே தோட்டக்காரர்கள் இந்த வண்டிகளை வாங்கி வைக்க ஆரம்பித்தார்கள். உடனே தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் இரண்டு கம்பெனிகள் எதிரெதிரே ஷோரூம் திறந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நான் சிவப்பு. எதிரே நீலத்தில் மெக்கானிக், என் கணவர் இசக்கி.

இரண்டு கம்பெனிக்கும் அப்படி ஒரு பகை. நாங்கள் வருகிறவர்களுக்கு நன்னாரி சர்பத் கொடுத்தால் அவர்கள் பாதாம்பால் கொடுப்பார்கள். நாங்கள் "மலையும் ஏறும்" என்று போர்டு வைத்தால் மறுநாளே அங்கே "மலையே இறங்கி வழி விடும்" என்று இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டில் அவர் அவருடைய வண்டியின் சஸ்பென்ஷனைப் புகழ்வார், நான் என்னுடைய வண்டியின் சீட்டைப் புகழ்வேன். அவருடைய அம்மா, என் அத்தை, நடுவில் உட்கார்ந்துகொண்டு, "ஒரே அடுப்புல ரெண்டு கட்சிக்குச் சோறு வடிக்கேன், எனக்கு எவனும் ஒரு கொடி தர மாட்டேங்கான்" என்பாள். (அத்தையின் வாயிலிருந்து விழுவதையெல்லாம் நான் பொறுக்கி வைத்துக்கொள்வேன். நான் படித்த படிப்பு அதுதான்.)

எங்கள் கம்பெனி ஒரு சீசனை நம்பித்தான் கடை திறந்திருந்தது. பெரிய ஆர்டர் ஒன்றாவது வராவிட்டால் ஷட்டரை இறக்கிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்குப் பகீரென்றது. அதற்கு முன்னால் நான் துணிக்கடையில் நின்றேன். வேலை பார்த்தேன் என்று சொல்லவில்லை, நின்றேன். கடை சாத்தும்வரை உட்கார அனுமதி கிடையாது. வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் வேறு யாருடையதோ போல இருக்கும். சிவப்பு ஷோரூமில் எனக்கு உருளும் நாற்காலி. அதில் உட்கார்ந்து பேசுவதற்குச் சம்பளம். "சின்னப் பிள்ளைகூட ஓட்டலாம் அண்ணாச்சி, வெண்ணெய் மாதிரி போகும்" என்று தினமும் சொல்வேன். ஓடுகிற வண்டியில் நான் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பெரிய ஆர்டர் ஒரு ரிட்டையர்டு இன்ஸ்பெக்டர் வடிவத்தில் வந்தது. மலையடிவாரத்தில் தென்னந்தோப்புக்குள் ரிசார்ட் கட்டியிருந்தார். விருந்தாளிகளுக்கு ஏடிவி வேண்டும், இரண்டு கம்பெனியும் வண்டியோடு வந்து ஓட்டிக் காட்டுங்கள், நல்லதை வாங்குகிறேன் என்றார்.

சாரல் தூவிக்கொண்டிருந்த ஒரு காலையில் போனோம். தோப்பின் ஒரு பக்கம் எங்கள் சிவப்புக் குடை, மறுபக்கம் அவர்களின் நீலக் குடை. எங்கள் கம்பெனி கோயம்புத்தூரிலிருந்து ஒரு பந்தய வீரனையே வரவழைத்திருந்தது. உடம்போடு ஒட்டிய உடுப்பில் அவன் பளபளவென்று நின்றான். இன்ஸ்பெக்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இவன் ஓட்டினா வண்டி மட்டுமா ஓடும்? கட்டிலும் ஓடும். என் தோப்புக்கு வாரவன் தலைல எண்ணெயும் வயித்துல புரோட்டாவுமா வாரவன். ஓட்டத் தெரியாத ஆளு ஒருத்தரை ஏத்துங்க. ஏத்திட்டுப் பேசுங்க."

நீலக் குடையிலிருந்து அவர்களுடைய கணக்கப்பிள்ளை புறப்பட்டார். வண்டியில் உட்கார்ந்து, மாட்டுவண்டி வேகத்தில் ஒரு சுற்று சுற்றி, வேட்டி கலையாமல் வந்து இறங்கினார். நீலக்காரர்கள் கை தட்டினார்கள்.

எங்கள் குடைக்குள் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"நீங்கதானே மேடம் சொல்வீங்க, சின்னப் பிள்ளைகூட ஓட்டலாம்னு" என்றார் மேனேஜர். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத் துணிக்கடையின் வழுவழுத் தரை கண்ணில் தெரிந்தது.

"அங்கன பாரும்மா" என்று இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார். "தோப்பு முடியுற இடத்துல இறவைக் கிணறு கிடக்கு. சுத்துச் சுவர் கிடையாது. அதுக்கு முன்னாலயே திரும்பிரணும், என்னா?"

பார்த்தேன். புல் மூடிய விளிம்பு. அதற்கப்புறம் நிலமே இல்லை. உள்ளே மழைத் தண்ணீர் பாதிக்கு நிற்கிறதாம். எனக்கு நீச்சல் தெரியாது. அதையும் யாரும் கேட்கவில்லை.

ஹெல்மெட் மாட்டினார்கள். பெரிய அளவு. தலையை அசைத்தால் அது மட்டும் அசையாமல் நின்றது. உள்ளே என் மூச்சு எனக்கே புயல் மாதிரி கேட்டது. அப்போது எதிர்க் குடையிலிருந்து இசக்கி விறுவிறுவென்று எங்கள் பக்கம் வந்தார். மேனேஜர் முகம் சுளித்தார்.

"செல்வி, வேண்டாம்னு சொல்லிரு. உன் கையைப் பத்தி எனக்குத் தெரியும். இது பைக் மாதிரி முறுக்குதது கிடையாது. வலது கட்டைவிரலுக்குக் கீழ ஒரு தகடு இருக்கும் பாரு, அதை அமுக்கினா வேகம்…"

"உங்க கம்பெனி ஜெயிக்கணும்னுதானே இப்படிச் சொல்லுதீங்க?" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப் போனது. நீலக் குடைக்கே திரும்பிப் போனார். அந்த முகத்தைப் பார்த்தபிறகாவது நான் இறங்கியிருக்க வேண்டும்.

மேனேஜர் என் இடது மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கயிற்றை மாட்டி, மறுமுனையை வண்டியில் செருகினார். "நீங்க விழுந்தா இது உருவிக்கும், இன்ஜின் தானா நின்னுடும்." இதில் என் காதில் ஏறியது, 'விழுந்தா' மட்டும்தான்.

வாட்ச்மேன் சூடம் காட்டி நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். புது வண்டி கிளம்பினால் பழம் நசுங்க வேண்டுமே! மேலே குற்றாலநாதரை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். இன்ஜின் உறுமியது. அந்த உறுமல் சீட்டு வழியாக ஏறி என் பல்லில் வந்து நின்றது. பயந்தேன். பயந்ததும் கை இறுகியது. கை இறுகியதும் கட்டைவிரல் அமுங்கியது.

பழங்கள் என்ன ஆயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேகம் கூடக்கூடப் பயம் கூடியது. பயம் கூடக்கூடப் பிடி இறுகியது. பிடி இறுக வண்டி இன்னும் பாய்ந்தது. இதில் எந்த இடத்தில் நிறுத்துவது? தென்னை மரங்கள் ஒவ்வொன்றாக வந்து என்னைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டன. (நான் திருப்பியதாக யாரும் நினைக்க வேண்டாம். அந்த மரங்களுக்குத்தான் நன்றி.) வாழைக்கன்று ஒன்றின் மேல் ஏறினேன். வாய்க்காலில் இறங்கி மறுகரையில் எழும்பினேன். நாலு சக்கரமும் காற்றில் நின்ற அந்தக் கணத்தில்கூட நான் சீட்டில் பல்லி மாதிரி ஒட்டியிருந்தேன்.

"குதிங்க மேடம், குதிங்க!" என்று பின்னால் கத்தினார்கள். விழுந்தால் நிற்கிற வண்டியில், விழ முடியாத ஒருத்தியை ஏற்றியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

வாய் மட்டும்தான் எனக்குச் சுதந்திரமாக இருந்தது. அடிவயிற்றிலிருந்து வீறிட்டேன். வரப்போரம் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். சற்றுமுன் சூடமும் பழமும் பார்த்தவர்கள் அல்லவா, புது வண்டிக்கு நான் குலவை போடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். மொத்தப் பேரும் வாய்க்குள் நாக்கைச் சுழற்றித் திருப்பிக் குலவை போட்டார்கள்! நான் சாகப் போகிறேன், தோப்பே மங்களமாக வழியனுப்புகிறது.

அடுத்து கிணறு தெரிந்தது.

இதைச் சிரித்துக்கொண்டு எழுத முயன்று பார்த்தேன், முடியவில்லை. அந்தப் புல் விளிம்பு என்னை நோக்கி வந்தது. அதற்கப்புறம் வெறும் வானம். சத்தமெல்லாம் அடங்கிப் போனது. கத்தினேனா என்றுகூடத் தெரியவில்லை. கடைசியாக இசக்கியிடம் சொன்னது அந்தக் கம்பெனிப் பேச்சா என்று மட்டும் தோன்றியது.

பக்கத்தில் நீலமாக ஏதோ வந்தது. இசக்கி. அவருடைய கம்பெனி வண்டியில், ஹெல்மெட் இல்லாமல், சட்டை பறக்க.

"கட்டைவிரலை எடுட்டி!"

"வரலைங்க!"

"எடுட்டி செல்வி!"

"விரலு எங்க இருக்குன்னே தெரியலைங்க!"

இரண்டு வண்டியும் உரசின. அவர் இடது கையை ஹேண்டிலில் வைத்துக்கொண்டு, வலது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். கயிற்றோடு சேர்த்து ஒரே இழுப்பு. இன்ஜின் பட்டென்று நின்றது. வண்டி ஈரப்புல்லில் வழுக்கிக்கொண்டே போய், விளிம்பில் கிடந்த ஒரு தேங்காய் மட்டையை மட்டும் தள்ளிவிட்டு நின்றது. மட்டை உருண்டது. 'தொபுக்' என்று கீழே சத்தம் கேட்டது. விழுந்தது நான்தான் என்று நினைத்து மூச்சை அடக்கிக்கொண்டேன்.

என் விரல்களை இசக்கி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். அதற்குள் இரண்டு குடைக்காரர்களும் ஓடி வந்துவிட்டார்கள். நான் உயிரோடு இருக்கிறேனா என்று கேட்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

"பார்த்தீங்களா சார்! கயிறு உருவின செகண்ட்ல நின்னுச்சு. அதான் எங்க சேஃப்டி!" என்றார் எங்கள் மேனேஜர்.

"நிக்கது இருக்கட்டும். விரட்டிப் பிடிச்சது எந்த வண்டி? நீலம்லா!" என்றார் எதிர்க்கடை முதலாளி.

"பிடிச்சது உங்க மெக்கானிக்கு, வண்டியில்ல."

"அப்போ ஓடுனது உங்க பிள்ளையோட பயமா, வண்டியா?"

என் தலைக்கு மேலேயே சண்டை நடந்தது. இன்ஸ்பெக்டர் நடந்தே வந்து சேர்ந்தார். சக்கரத் தடத்தைக் குனிந்து பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வாழை, வாய்க்கா, மேடு எல்லாத்துலயும் ஏறி இறங்கியிருக்கு. இந்தப் பிள்ளை விழவே இல்லையே. என் விருந்தாளிக்குச் சிவப்பே கொண்டாங்க" என்றார். எங்கள் மேனேஜர் துள்ளிக் குதிப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். "நீலத்துல ஒண்ணு வேணும். விரட்டிப் பிடிக்கதுக்கு. முதல்ல இந்தக் கிணத்துக்குச் சுவரு. அதுக்குப் பிறகுதான் வண்டி உள்ள வரணும்."

என் நாற்காலி பிழைத்தது. பைக்கில் வீட்டுக்குப் போகும்போது இசக்கியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், "முதல்ல இடுப்பை விடு, மூச்சு முட்டுது" என்றார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே கிடந்திருக்கும். இன்ஸ்பெக்டர் அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுப் போட்டோக்காரரை வரவழைத்திருந்தார். இசக்கி என் மணிக்கட்டைப் பிடித்த நொடியில் போட்டோக்காரர் எடுத்த ஒரே படத்தை இரண்டு கம்பெனியும் ஆளுக்கொன்று கேட்டு வாங்கிப்போய், பேனர் அடித்து, ரோட்டின் இரண்டு பக்கமும் கட்டிவிட்டன.

சிவப்புப் பேனரில் நான் மட்டும் இருக்கிறேன். வாய் காது வரைக்கும் திறந்திருக்கிறது. அடியில், "ஆனந்தத்தின் எல்லை!" பக்கத்தில் இருந்த நீல வண்டியை ஆளோடு வெட்டி எறிந்துவிட்டார்கள். ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்த கையை மட்டும் அவர்களால் வெட்ட முடியவில்லை. வாட்ச் கட்டிய ஓர் ஆம்பளைக் கை, உடம்பில்லாமல், என்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எதிரே நீலப் பேனரில் இசக்கி மட்டும் இருக்கிறார். கண் பிதுங்க, வலது தோளோடு படம் முடிந்துவிடுகிறது. அடியில், "துணிந்தவன் பாதை!"

தென்காசிக்கு வந்துபோகிற சொந்தக்காரர்கள் யாருடைய கண்ணிலிருந்தும் அது தப்பவில்லை. சிவகிரியில் ஒரு கல்யாணப் பந்தியில் இசக்கியின் சித்தப்பா இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, ஊருக்கே கேட்கிற மாதிரி விசாரித்தார்.

"ஏலே இசக்கி, அங்கன எவனோ உன் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். நீ இந்தப் பக்கம் யாரைலே விரட்டிட்டுப் போற?"

"அவனைத்தான் சித்தப்பா தேடிக்கிட்டிருக்கேன்" என்றார் இசக்கி.

அதிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வி வரும், இதே பதிலும் வரும். பதிலைச் சொல்லும்போது மட்டும் வாட்ச் கட்டிய கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார்.