தோலக்கா அரைத்த துவையல்

செங்கல்பட்டிலேயே குப்பை போடத் தெரியாத ஒரே மனுஷி எங்கள் தோலக்காதான். அவர் கைக்கு வந்த காய்க்குத் தோல் உண்டு, விதை உண்டு, காம்பு உண்டு. கழிவு என்று ஒன்று மட்டும் கிடையாது.

எழுபதுகளில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பெண்கள் சேர்ந்து குடியிருந்தோம். எல்லோருக்கும் ஏதேதோ ஆபீசில் வேலை. தோலக்கா டெலிபோன் ஆபரேட்டர். சொந்த ஊர் படூர். வயதில் மூத்தவர் என்பதால் அடுக்களையை அவரிடம் விட்டிருந்தோம். ஒரே மாதத்தில் அந்தப் பெயர் வந்துவிட்டது. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். ஆரஞ்சுத் தோல் மொட்டை மாடியில் காய்ந்து குளியல் பொடியாகும். புளிச்சக்கையால் குத்துவிளக்கு பளபளக்கும். கிழிந்த புடவை பையாகும், பை கிழிந்தால் கரித்துணியாகும். சோறு வடித்த கஞ்சியை எங்கள் புடவைகளுக்குப் போட்டுவிடுவார். ஆபீசில் நான் உட்கார்ந்த பிறகும் என் புடவை கொஞ்ச நேரம் நின்றுகொண்டுதான் இருக்கும்.

தெருவில் குப்பை அள்ள வரும் தனம்மாவுக்கு எங்கள் வீட்டைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. தொட்டி தினமும் காலி. ஒருநாள் காலையில் ஒரு தூக்குவாளியோடு வந்து நின்றார்.

"இன்னாம்மா, வூட்ல அடுப்பே பத்த வெக்கறதில்லியா? வயசுப் பொண்ணுங்க பட்டினி கெடக்கக் கூடாது. இந்தா, கொழம்பு."

காணாங்கெளுத்தி மீன் குழம்பு. நாங்கள் மறுக்கவில்லை. தோலக்கா மட்டும் முள்ளையெல்லாம் பத்திரமாகச் சேர்த்து ரோஜாச் செடியின் அடியில் புதைத்தார். அதற்கப்புறம் ஒரு வாரம் தெருப் பூனைகள் எல்லாம் எங்கள் ரோஜாவைத்தான் சுற்றிச் சுற்றி வந்தன.

எங்களில் ஒருத்தி கமலா. பெற்றோர் இல்லாதவள். அவளைப் பெண் பார்க்க மகாபலிபுரத்திலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. அதற்கு முன் வந்த இரண்டு இடங்கள், வீட்டில் பெரியவர்கள் இல்லை என்று சொல்லித் தட்டிப் போயிருந்தன. இது எப்படியாவது அமைய வேண்டும். தோலக்காவிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டோம், அன்றைக்கு ஒருநாள் மட்டும் எல்லோர் வீட்டையும்போல இருக்கட்டும் என்று. அவரும் தலையாட்டினார்.

மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா என்று மூன்று பேர் வந்தார்கள். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வைத்தோம். தொட்டுக்கொள்ள ஒரு துவையல் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா பெண்ணைப் பார்த்ததைவிடத் துவையலைப் பார்த்ததுதான் அதிகம். மூன்றாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா, இது என்ன துவையல் என்று விசாரித்தார்.

தோலக்காவுக்குப் பொய் வராது. "வாழக்காத் தோலு" என்றார்.

அந்த அம்மாள் தட்டைக் கீழே வைத்தார். "பொண்ணு பாக்க வந்தவங்களுக்குத் தோல அரைச்சா வெப்பீங்க?"

"பஜ்ஜி சாப்ட்டீங்களே, அதே காய்தான். உள்ள இருந்தது நல்லா கீது, வெளிய இருந்தது மட்டும் ஆவாதா?"

அம்மாவும் மகனும் ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று எழுந்துவிட்டார்கள். அப்பா மட்டும் தட்டை வழித்து முடித்துவிட்டுக் கடைசியாக எழுந்தார்.

கமலா அழுதாள். நாங்கள் தோலக்காவோடு பேசுவதை நிறுத்தினோம். மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கிய தோலக்கா, தோலையெல்லாம் வாரி எங்கள் கண்முன்னே தொட்டியில் போட்டார். வீட்டில் ஏதோ துக்கம் நடந்ததுபோல இருந்தது. கமலாவே அழுகையை நிறுத்திவிட்டு, "வேணாங்க்கா, அப்படிப் பண்ணாதீங்க" என்று அவர் கையைப் பிடித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் நின்றிருந்தார்கள். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வீட்டில் அம்மா அந்தத் துவையலை எத்தனையோ தடவை அரைத்துப் பார்த்துவிட்டாராம். ஒவ்வொரு தடவையும் கசப்பாம். பக்குவத்தைக் கேட்டு வரச் சொல்லி அவரேதான் அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே, பெண்ணையும் பிடித்திருக்கிறது என்றார்.

தோலக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "பக்குவம் தனியா குடுக்கறதில்ல. எங்க பொண்ணுக்குத் தெரியும். கூட்டிகினு போங்க."

கமலாவுக்குத் துவையலில் உப்பு எவ்வளவு போடுவது என்றுகூடத் தெரியாது. தோலை மஞ்சளும் புளியும் போட்டு வேகவைத்துக் கசப்பை எடுப்பதிலிருந்து ஆரம்பித்து, கல்யாணம்வரை தினமும் அவளை அரைக்க வைத்தார் தோலக்கா. தினமும் சாப்பிட்டது நாங்கள்.

திருக்கழுக்குன்றத்தில் கல்யாணம். பந்தியில் பாயசத்தைவிடத் துவையலைத்தான் அதிகம் பேர் கேட்டார்கள். சாயங்காலம் மகாபலிபுரம் பஸ்ஸில் கமலா ஏறி உட்கார்ந்தாள். தோலக்கா ஜன்னல் வழியாக அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

பஸ் கிளம்பியது. கொஞ்ச நேரம் கழித்து, போகலாமா என்று நான் கேட்டேன்.

"இரு, பஸ்ஸு அந்தத் திருப்பம் தாண்டட்டும்" என்றார்.

பஸ் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. நான் அதைச் சொல்லாமல் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.