கோழி ஏறிய இசைத்தட்டு

உங்களைச் சிரிக்க வைக்கிறேன். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதே சிரித்துவிடாதீர்கள். கூட்டத்தில் பேச்சாளர் வருவதற்கு முன்னால் நாலு பாட்டுப் போட்டு உட்கார வைப்பார்களே, அதுபோலக் கொஞ்சம் உட்காருங்கள். முதலில் என் அப்பாவின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா பெயர் அடைக்கலராஜ். அடைக்கலராஜ் சவுண்ட் சர்வீஸ். வேளாங்கண்ணி வரைக்கும் கல்யாணமோ, கட்சிக் கூட்டமோ, எங்கள் ஒலிபெருக்கிக் குழாய்தான் கத்தும். கொசு பறந்தால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும் காது என்பது அப்பாவின் கட்சி. அம்மா கூப்பிட்டால் மட்டும் அந்தக் காதில் விழாது.

அம்மா அமலோற்பவம். அம்மாவின் தம்பி குழந்தைராஜ் மாமா. விவசாயச் சங்கக் கொடி பிடித்தார் என்று மாமாவின் குத்தகை நிலத்தை மிராசுதார் பிடுங்கிக்கொண்டார். "கொடிய வாய்க்கால்ல எறிஞ்சிட்டு என் களத்துல வந்து நில்லு, பாக்கலாம்" என்றார். இதை அவர் மூக்கால் சொல்வார். அதே குரலில் நான் சொல்லிக் காட்டினால், மிராசுதாரே வந்துவிட்டார் என்று எங்கள் தெருவே எழுந்து நிற்கும்.

மாமா போய் நிற்கவில்லை. ரேடியோ வேலை கற்றுக்கொண்டு, நாகப்பட்டினத்தில் ஒரு தகரக் கொட்டகையில் கார்ட்ரிட்ஜ் செய்ய ஆரம்பித்தார். ரிக்கார்டு பிளேயரின் கை நுனியில் முள்ளைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெட்டி ஒன்று இருக்குமே, அதுதான். 'அலை' என்று பெயர் வைத்தார். பெயர் மட்டும்தான் வைத்தார், வாங்க ஆள் இல்லை. ஒரு மைக் செட்டுக்காரராவது மாட்டாவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிட்டு மிராசுதார் களத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.

அம்மா கேட்டுப் பார்த்தார்.

"என்னங்க, ஞாயித்துக்கிழமை கூலி உயர்வுக் கூட்டத்துக்கு எல்லா ஊரு செட்டுக்காரங்களும் வருவாங்க. தம்பி முள்ள மாட்டுங்க."

"என் பிளேயர்ல சீமை முள்ளுதான் ஏறும்."

"கேட்டுப் பாத்தீங்களா?"

"கேக்கவே வேணாம். உன் தம்பி மூஞ்சியப் பாத்தாலே சத்தம் எப்படி இருக்கும்னு தெரியுது."

"அவன் களத்துல போயி கை கட்டி நிக்கணுமா?"

அப்பா கொஞ்சம் அசைந்தார். உடனே விறைத்துக்கொண்டார். "சரி. ரெண்டையும் போடு. எது நல்லாருக்கோ அதத்தான் கூட்டத்துக்கு ஏத்துவேன். என் காதுக்குப் பொய் தெரியாது."

செட்டுக்காரர்கள் பிளேயர் பக்கத்தில் நின்று சத்தம் பார்க்க மாட்டார்கள். குழாயைத் தென்னையில் கட்டிவிட்டு வயல் கடைக்கோடிக்குப் போய்விடுவார்கள். அங்கேயிருந்து துண்டைத் தூக்கினால் நன்றாக இருக்கிறது. தரையில் போட்டால் குப்பை. அப்பா, கூட்டம் நடத்தும் சங்கத்துக்காரர் முகம்மது யூசுப் மாமாவையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் மதகுக்குப் போனார். வீட்டில் பிளேயர் பக்கத்தில் அம்மாவும் நானும்தான்.

யூசுப் மாமா தஞ்சாவூரிலிருந்து வாங்கி வந்த புதுத் தட்டு. யாரோ ஒரு அம்மாள் அடுக்குமொழியில் பேசியது. இந்தக் காலத்தில் யார் மேடை ஏறினாலும் அடுக்குமொழிதானே.

அம்மா சீமை முள்ளை மாட்டினார். மைக்கில் சொன்னார்: "என்னங்க, இது தம்பியோட முள்ளு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

தட்டு சுற்றியது. இரண்டே வரி. தூரத்தில் துண்டு பொத்தென்று தரையில் விழுந்தது. அப்பா அதை ஒரு மிதி வேறு மிதித்தார்.

அம்மா நிதானமாக முள்ளை மாற்றினார். "இப்ப சீமை முள்ளுங்க."

மாட்டியது 'அலை'. "உழைப்பவர் கையிலே உரம், உட்கார்ந்தவர் கையிலே உரிமையா" என்று அந்த அம்மாள் கணீரென்று கேட்டார். துண்டு மேலே போனது. சுற்ற ஆரம்பித்தது.

அப்போதுதான் எங்கள் கோழி பிளேயர் மேல் ஏறியது.

ஏறி, தட்டோடு ஒரு சுற்றும் சுற்றியது. அம்மா கோழியைப் பிடிக்க, கோழி பிளேயரின் கையைத் தட்டிவிட, முள் தூக்கிக்கொண்டது. குழாய் கப்சிப். துண்டு பாதியில் நின்றது. மாமாவின் கொட்டகை என் கண்முன்னே பூட்டிக்கொண்டது.

நான் மைக்கை எடுத்தேன். அந்த அம்மாளின் குரலை எடுத்தேன். இடையில் கிர்ர் என்று கொஞ்சம் தட்டு தேய்கிற சத்தமும் போட்டேன்.

"வாய்க்கால் தண்ணீருக்கு வாய் இருந்தால், வரப்பு வெட்டியவன் பெயரையல்லவா வழிநெடுகச் சொல்லும்."

துண்டு பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றியது. அம்மா கோழியின் வாயைப் பொத்திக்கொண்டே தலையாட்டினார். நான் இன்னும் ரெண்டு வரி பேசிவிட்டு நிறுத்தினேன்.

அப்பா வெற்றி வீரராக வந்து சேர்ந்தார்.

"கேட்டியா அமலோ. கடைசி கட்டத்துல அந்தம்மா மூச்சு விடுறது கூடத் தனியாக் கேட்டுச்சு. பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி. அதான் சீமை. உன் தம்பியோடது தகர டப்பாவுல கல்லு."

"நீங்க சொன்னா சரிங்க. அப்ப இப்ப மாட்டியிருக்கிறதேதான் கூட்டத்துக்கா?"

"அதேதான். யாரும் கழட்டப்படாது. யூசுப்பு, நீ சாட்சி."

"அல்லா சாட்சிண்ணே. என் காதுக்கும் இதான் தேவலாம்னு பட்டுச்சு."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். திடல் நிறைய ஆள். மிராசுதாரின் ஆட்கள்கூட ஓரமாக நின்று எட்டிப் பார்த்தார்கள். செட்டுக்காரர்கள் எல்லாரையும் அப்பாவே மேடைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்தினார். குழந்தைராஜ் மாமாவையும் விடவில்லை.

"மச்சான், இங்க வா. முள்ளுன்னா என்னன்னு கேட்டுட்டுப் போ. நடுவுல ஒரு வரி வரும், வாய்க்கால் தண்ணீருக்கு வாய் இருந்தால்னு. அந்த இடத்துல மூச்சைக் கவனி."

தட்டு ஓடியது. தெளிவென்றால் அப்படித் தெளிவு. திடலின் கோடியில் கடலை விற்றவர்கூட நிமிர்ந்து பார்த்தார். செட்டுக்காரர்கள் அப்பாவின் தோளைத் தொட்டார்கள். "அண்ணே, எங்க வாங்குனீங்க?" அப்பா கையைத் தூக்கி அடக்கினார். "பொறுங்க. அந்த வரி வரட்டும்."

வரி வரவில்லை.

அந்த அம்மாள் தன் பாட்டுக்கு எதையெதையோ பேசி, நன்றி வணக்கம் சொல்லிவிட்டார். அப்பா தட்டைத் திருப்பிப் போட்டார். அந்தப் பக்கம் நாதஸ்வரம். மறுபடி முதல் பக்கம். நன்றி வணக்கம்.

அப்பா பிளேயரின் கையைத் தூக்கிக் கீழே குனிந்து பார்த்தார். முள் பெட்டியின் அடியில் சிவப்பு மையில் 'அலை' என்று எழுதியிருந்தது. செட்டுக்காரர்களும் குனிந்து பார்த்துவிட்டு, அப்பாவை விட்டுவிட்டு, மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

அப்பா மெதுவாக நிமிர்ந்தார். மாமாவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் என்னையே பார்த்தார்.

"அமலோ" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "அன்னிக்கு மதகுல நின்னு நான் யாரு மூச்சக் கேட்டேன்?"