நெஞ்சளவு நிழற்குடை

மனிதகுலம் நிழலுக்கு ஒதுங்கக் கற்ற நாள்முதல் எவரும் எட்டாத உயரத்தை நகர அழகுபடுத்தும் குழு எட்டியது. அந்தப் பெருமை முழுவதும் நம் வடிவமைப்பாளரின் கைத்தவறையே சாரும்.

கடற்கரை நடைபாதையின் நிழற்குடைக்கு அட்டையில் மாதிரி செய்தபோது, உட்காரவைக்கும் பிளாஸ்டிக் மனிதர்கள் தீர்ந்துபோனார்கள். பக்கத்து மேசையில் வேறொரு மாதிரிக்காக இருந்த, மும்மடங்கு பெரியவர்களை எடுத்து ஒட்டினார். கால் நீட்டிச் சௌகரியமாக இருக்கட்டுமே என்று இருக்கையையும் உயர்த்தினார். இளகிய மனசு. அந்த அளவுகளே கட்டுமானத்துக்கும் போயின.

உண்மையில் அவர் மனதில் இருந்தவர் மாமனார். முட்டிவலிக்காரர். கடற்கரைவரை நடந்துவிடுவார், சற்று உட்கார்ந்தால்தான் திரும்பி நடக்க முடியும். “நிழல்ல ராஜா மாதிரி உட்காருவீங்க மாமா” என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

திறப்பு விழா. ஆரஞ்சும் ஊதாவும் கிளிப்பச்சையுமாக ஒரு ராட்சதச் சிப்பி வாய் பிளந்து நின்றது. உள்ளே, நெஞ்சு உயரத்தில் இருக்கை. குழுத் தலைவரை இருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வைத்தார்கள்.

“என்னய்யா, கால் தொங்குது?”

“தொங்கல சார், மிதக்குது,” என்றார் குழுவின் ‘அழகியல் ஆலோசகர்’.

“அப்ப சரி.”

‘மக்களை உயர்த்தும் இருக்கை’ என்று பலகை வைத்தார்கள். தலைவரை இறக்கப் பெயிண்டரின் ஏணி வந்தது.

மாமனார் தினமும் போனார். இரண்டு கைகளாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்து நின்று, “உங்க மூளையே மூளை, மாப்ளை!” என்று மருமகனுக்குப் போன் செய்தார். குரல் மட்டும் கொஞ்சம் மூச்சுவாங்கும்.

ஒருநாள் மனைவி கேட்டாள்: “அப்பா நடந்து போறார், வண்டி பிடிச்சுத் திரும்பி வர்றார். அப்படி என்னத்தங்க கட்டி வெச்சிருக்கீங்க?”

“கலை.”

“அதுல உட்கார முடியுமா?”

பதிலுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாமனார் சிப்பியில் சாய்ந்து, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ஊதா நிழல்.

“மாமா, மாப்ளைன்னு பார்க்காதீங்க. எப்படி இருக்கு?”

“அற்புதம் மாப்ளை. அந்த ஆரஞ்சு இருக்கே...”

“கலரை விடுங்க. உங்களுக்கு எப்படி இருக்கு?”

மகள் அருகில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மாமனார் முட்டியை நீவினார்.

“இங்க ஒரு சிமென்ட் பெஞ்ச் இருந்துச்சு மாப்ளை. இதை வைக்கத்தான் அதை இடிச்சாங்க. நான் அதுலதான் உட்காருவேன்.”