ஏரியில் இறங்கிய ஈயக்குண்டு

"என்னங்க, பிடிக்கலையா?"

பெட்டியிலிருந்து எடுத்த பொருளை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி கணவர் நின்றிருந்தார். பிறந்த குழந்தையை முதல்முறையாக வாங்கிய ஆளைப்போல, எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று தெரியாமல்.

"பிடிக்காம என்ன? ரொம்பப் பிடிச்சிருக்கு. இது... அதுதானே?"

"டவுன்ரிகர்!" என்றாள் டெய்லரம்மா பெருமையாக. தெருவில் எல்லோரும் அவளை டெய்லரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். "பெரிய மீனெல்லாம் ஆழத்துலதான் இருக்குமாம். இந்த ஈயக்குண்டைக் கம்பியில கட்டி இறக்கினா தூண்டில் நரம்பையும் கூடவே கீழ இழுத்துட்டுப் போகுமாம். மீன் கடிச்சதும் கிளிப் நரம்பை விட்டுடுமாம். கடைக்காரர் சொன்னாரு. உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன!"

"அதானே," என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினார். குண்டு நேராக அவர் கால் கட்டைவிரலில் இறங்கியது.

"வேலை செய்யுது," என்றார், கண்ணில் நீர் ததும்ப.

அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே நின்றதில்தான் கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு ரயிலைத் தவறவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரல் ஊருக்கெல்லாம் கேட்டது, அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. பகலில் அவளுக்குத் தையல், இரவில் அவருக்கு டூட்டி. ஓய்வு பெறட்டும், ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பேசலாம் என்று அவள் வருஷக்கணக்காக ஆசையைச் சேர்த்து வைத்திருந்தாள்.

ஓய்வு பெற்றார். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். கத்தரிக்கோலை ஒளித்து வைத்துவிட்டுத் தேடிக் கொடுத்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் ஏரி, கயாக் என்கிற ஒல்லித் துடுப்புப் படகு, மீன். ஒரு மீனும் வீட்டுக்கு வந்ததில்லை. "பிடிச்சேன், மூஞ்சியைப் பார்த்தா பாவமா இருந்துது, விட்டுட்டேன்," என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் டெய்லரம்மா துணி வைக்காமலே தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருப்பாள். வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் கேட்கட்டும் என்றுதான்.

கடைசியில் அக்காவிடம் போனில் அழுதாள். "மீனோட போட்டி போட முடியலைன்னா, நீயும் படகுல ஏறிடு," என்றாள் அக்கா. அதன் விளைவுதான் இந்தப் பிறந்தநாள் பரிசு.

"இந்த ஞாயித்துக்கிழமை நானும் வரேன்," என்றாள் இப்போது.

கணவரின் முகம் வெளுத்தது. "நீயா? உனக்கு ரெஸ்ட் வேண்டாமா? வாரம் பூரா மெஷின்ல உட்கார்ந்து..."

"படகுலயும் உட்கார்ந்துதானே வரப்போறேன்?"

"வெயில் கொளுத்தும்."

"தொப்பி இருக்கு."

"மீனுக்குப் புது ஆளுங்களைப் பிடிக்காதும்மா."

டெய்லரம்மா திரும்பிக்கொண்டாள். மீனுக்குப் பிடிக்குமா என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்ட ஆள் வேறு. அவள் தோள் இறங்கியதைப் பார்த்ததும் அவர் பதறிப்போனார். "சரி சரி, வா. மீன்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட படகுக் கொட்டகை. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆள் கயாக்குகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்! அட, அம்மாவும் வந்திருக்காங்க! சார் எப்பவும் போல..."

கணவருக்குப் பலமாக இருமல் வந்தது. அடங்குவதற்குள் கொட்டகைக்காரரின் கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்தி, "இன்னைக்கு ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி ஒண்ணு," என்றார்.

"எங்க வேணும்னாலும் போங்க சார், நடுவுல மட்டும் வேண்டாம். அடியில பழைய மரக்கட்டைங்க கிடக்கு," என்றார் அவர் தலையைச் சொறிந்தபடி.

உயிர்காப்புச் சட்டையைக் கணவர் முதலில் முதுகுப்பக்கம் முன்னால் வரும்படி மாட்டிக்கொண்டார். "இப்படி மாட்டினா காத்து வரும்," என்று விளக்கமும் சொன்னார். டெய்லரம்மா வாடிக்கையாளருக்குச் சட்டை அளவு பார்க்கும் பழக்கத்தில் கழற்றித் திருப்பி மாட்டி, பட்டையை இழுத்துவிட்டாள். எவ்வளவு நாள் ஆயிற்று, இவ்வளவு கிட்டத்தில் நின்று! அவர் அசையாமல் நின்றார். அவளும் தேவைக்கு அதிகமாகவே இழுத்துவிட்டாள்.

அவள் கயாக்கின் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அடுத்து டவுன்ரிகர். அதைக் கயாக்கின் விளிம்பில் திருகி மாட்டினார். அதன் சின்னக் கை தண்ணீர்ப் பக்கம் நீளாமல் உள்பக்கமாக நீண்டு, ஈயக்குண்டு சரியாக டெய்லரம்மாவின் மடிமேல் ஆடியது.

"இது எனக்கா, மீனுக்கா?"

"டெஸ்ட் பண்றேன்மா."

திருப்பி மாட்டினார். குண்டு வெளியே போனதும் படகு அந்தப் பக்கம் சாய்ந்தது. சாய்வைச் சரிசெய்ய, "நீ எதிர்ப் பக்கம் ஒடுங்கி உட்காரு," என்றார். அவள் ஒடுங்கினாள். போதவில்லை. கரையிலிருந்து ஒரு கருங்கல்லைத் தூக்கி வந்து அவள் பக்கம் வைத்தார். சாய்வு நின்றது. ஆனால் படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு விரல்கூடப் புகாது.

"இவ்வளவு தாழ்வாவா போவீங்க?"

"மீனுக்குக் கிட்ட இருக்கணும் இல்ல."

துடுப்புப் போட்டார்கள். குண்டைக் கொஞ்சம் இறக்கியதும் படகு நேராகப் போகாமல் குண்டு இருந்த பக்கமாகவே வட்டமடித்தது. அதைச் சரிசெய்ய ஒரே பக்கம் வேகமாகத் துடுப்புப் போட்டார். படகு இன்னும் வேகமாக வட்டமடித்தது. சுற்றிச் சுற்றி, போகக்கூடாது என்று சொன்ன நடு ஏரிக்கே வந்து சேர்ந்தார்கள்.

"இங்கதான் ஆழம்," என்று அதற்கும் ஒரு காரணம் சொல்லி, குண்டை முழுக்க இறக்கினார். கம்பி சரசரவென்று ஓடியது. திடீரென்று கயாக் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது.

"மீன்!" என்று கத்தினாள் டெய்லரம்மா.

"பெரிய மீன்!" என்று கத்தினார் அவரும், அவளைவிட ஆச்சரியமாக.

கைப்பிடியைச் சுற்றினார். மீன் மேலே வரவில்லை, படகுதான் கீழே போனது. விட்டார். மறுபடி சுற்றினார். தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது. அப்புறம்தான் புரிந்தது, குண்டு மரக்கட்டையில் சிக்கிவிட்டது. கயாக், கட்டிப்போட்ட கன்றுக்குட்டிபோல அதே இடத்தில் சுற்றி வந்தது.

"கம்பியை வெட்ட என்ன இருக்கு?"

"நீதானே கத்தரிக்கோல் வச்சிருப்ப?"

"ஏரிக்கு வரும்போதுமா?"

கொட்டகைப் பக்கம் கையை ஆட்டினார்கள். கொட்டகைக்காரர் சந்தோஷமாகத் திருப்பிக் கையாட்டினார்.

வேறு வழியில்லை. உட்கார்ந்தார்கள். தண்ணீர் படகின் வயிற்றில் தட்டித் தட்டிப் பேசியது. தூரத்தில் நீர்க்காகம் ஒன்று முங்கி, வேறெங்கோ எழுந்தது. கணவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"வாரா வாரம் இங்க என்னதான் பண்ணுவீங்க?"

"சும்மா... நினைச்சுட்டு இருப்பேன்."

"என்னத்தை?"

அவர் நீர்க்காகத்தைப் பார்த்தார். "வீட்டைத்தான்."

"வீட்டை நினைக்க ஏரிக்கு வரணுமா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. "எனக்கு உங்ககிட்ட பேச ஒரு ஞாயித்துக்கிழமைகூடக் கிடைக்கலைங்க. ரிட்டயர் ஆனதும் அந்தக் குரல் எனக்குத்தான்னு நினைச்சேன். அதை மீனுக்குக் கொடுத்துட்டீங்க."

"என்ன சொன்ன?" என்று அவர் சட்டென்று திரும்பினார்.

கயாக்கில் சட்டென்று திரும்பக் கூடாது. கல் உருண்டது. படகு சாய்ந்தது. அவளைப் பிடிக்க அவர் எழுந்தார். எழவும் கூடாது. அந்த நொடியில், அத்தனை வருஷப் பழக்கத்தில், கம்பீரமான அந்தக் குரல் ஏரி முழுக்க ஒலித்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு..."

அறிவிப்பு முடியவில்லை. இருவரும் தண்ணீரில் இருந்தார்கள்.

உயிர்காப்புச் சட்டை அவளைத் தூக்கி நிறுத்தியது. பக்கத்தில் இன்னொரு தலை எழும்பி, தண்ணீரைத் துப்பியது. இரண்டு பேரும் கவிழ்ந்த படகை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். டெய்லரம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. மூச்சு முட்டும்வரை சிரித்தாள். படகின் அடிவயிற்றின் மேல் அவருடைய கை ஊர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது. கொட்டகைக்காரரின் மோட்டார் படகு வந்து நின்ற பிறகும் அந்தக் கை விடவில்லை.

கொட்டகைக்காரர் கம்பியை வெட்டி, இருவரையும் கரை சேர்த்தார். கணவரை உள்ளே உடை மாற்ற அனுப்பிவிட்டு, அவளுக்கு ஒரு துண்டைக் கொடுத்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டே அவள் சொன்னாள், "இத்தனை நாளா மீன் பிடிக்கிற மனுஷன், இன்னைக்கு நான் கூட வந்ததாலதான் தடுமாறிட்டாரு போல. இனிமே நான் வரலைங்க. அவருக்குப் பிடிச்சது இது ஒண்ணுதான், அதையும் கெடுப்பானேன்?"

கொட்டகைக்காரர் அவளை வியப்போடு பார்த்தார்.

"மீனா? என்னம்மா நீங்க, 'வாரம் பூரா உழைக்கிறவ ஒரு நாளாவது என் தொல்லை இல்லாம நிம்மதியா இருக்கட்டும்'னு சொல்லிட்டு, காலையிலேருந்து இந்த பெஞ்சுலயே உட்கார்ந்து, வீட்டுக்குப் போக எப்படா பொழுது சாயும்னு என்னைக் கேட்டுக் கேட்டு உயிரை வாங்குவாரு. சார் தண்ணியில இறங்கினதே இன்னைக்குத்தான்!"