பொலிவியாவுக்குப் போகமாட்டோம்

டேனிஷ் மொழி தெரியும் என்று வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு மண்டபம் நிறைந்த தமிழரைக் கொதிக்க வைக்க அது போதுமாக இருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் அகதியாக டென்மார்க் வந்து ஏழு மாதத்தில் மூன்று முகாம் மாற்றிவிட்டார்கள். காலையில் பஸ் வந்து நிற்கும். எங்கே போகிறோம் என்பதை ஏறிய பிறகுதான் சொல்வார்கள். அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவதென்று தெரியாமல் முகாமில் தந்த ஓட்ஸ் கஞ்சியிடம் காட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முகாம் இருந்த எஸ்பியர்க் நகரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் தென் அமெரிக்காவில் பணிசெய்து திரும்பிய டேனிஷ் பாதிரியார் ஒருவர் கோயில் மண்டபத்தில் படம் போட்டுக் காட்டினார். மொழிபெயர்க்க ஆள் கேட்டார்கள். மூன்று மாதம் மொழி வகுப்புக்குப் போன மிதப்பில் கையை உயர்த்தினேன். (இரண்டாம் வரிசையில் எங்கள் முகாமின் மன்னார்ப் பெண் பிலோமினா இருந்ததும் ஒரு காரணம்.)

திரையில் செம்மண், பெரிய மரக் கோயில், அதன் முன் சதுக்கம், சுற்றிலும் வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகள். பொலிவியாவில் சான் ஹவியேர் என்ற ஊராம். நம் சவேரியாரின் பெயர்தான். அந்த நாட்டுப் பூர்வகுடிகளை இயேசு சபைக் குருமார் ஒன்றுசேர்த்துக் குடியேற்றியதில் பிறந்த ஊர் அது.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. டேனிஷில் அந்தப் பூர்வகுடிகளை 'இண்டியானர்' என்பார்கள். அன்று என் காதில் அது 'இந்தியர்' என்று விழுந்தது. சந்தேகமென்ன, நம்மைத்தான் சொல்கிறார். அடுத்தது, "டி இங்கே வாழ வேண்டும்." டேனிஷில் 'டி' என்றால் 'அவர்கள்'. மரியாதைக்கு 'நீங்கள்' என்றும் அதையே சொல்வார்கள். எனக்கு மரியாதைதான் நினைவுக்கு வந்தது.

"எங்களை அங்க கொண்டுபோய் இருத்தப் போகினமாம்" என்றேன்.

எல்லோரும் திரையை விட்டு என்னைப் பார்த்தார்கள். மணி அடித்தால் வேலைக்குப் போகவேண்டும், பிள்ளைகளுக்கு வயலின் படிப்பிப்பார்கள் என்று விடாமல் மொழிபெயர்த்தேன். வயலின் வேண்டாம், விசா தந்தால் போதும் என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். ஏழு மாதக் கோபமும் எனக்கு ஒரேயடியாக ஏறியது. படக்கருவியின் வயரைப் பிடுங்கினேன். நாங்கள் பார்சல் இல்லை என்று டேனிஷில் கத்தினேன். கத்திய வேகத்தில் 'இல்லை' விடுபட்டுப்போனது.

"நாங்கள் பார்சல்!"

மண்டபமே எழுந்து அதைத் திருப்பிக் கத்தியது.

பாதிரியார், இது முந்நூறு வருடத்துக்கு முந்திய கதை என்று ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். என் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்போது பிலோமினா எழுந்தாள்.

"அந்தச் சனத்திட்ட ஆராவது கேட்டவையோ, வர விருப்பமோ எண்டு?"

இந்தத் தடவை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் சரியாகச் சொன்னேன். பாதிரியார் கண்ணாடியைக் கழற்றினார்.

"சிலர் தாங்களாகவே வந்தார்கள். மற்றவர்களைக் கேட்கவில்லை" என்றார்.

இரண்டு நாள் கழித்து முகாமுக்குப் பஸ் வந்தது. பிலோமினா வாசலில் நின்றுகொண்டாள். இடம் சொல்லாமல் ஒருவரும் ஏறமாட்டோம் என்றாள். அதிகாரி ஒரு மணிநேரம் தொலைபேசியோடு மல்லாடிவிட்டு, இக்காஸ்ட் என்ற ஊருக்கு என்றார். பிறகுதான் ஏறினோம். அவளுக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

இப்போது எங்கள் பிள்ளைகள், அம்மாவை அப்பா பொலிவியாவுக்கு அனுப்பப் பார்த்தவர் என்று விருந்தாளிகளிடம் டேனிஷில் சொல்லிச் சிரிக்கிறார்கள். பிலோமினா அதைத் தமிழில் மொழிபெயர்க்கிறாள், ஒரு சொல்லும் விடாமல்.